படத்தில் இருக்கிறபடி

"ஏண்ணே, அண்ணி இன்ஜினியர் ஆயிட்டா இனிமே உங்க வீட்ல யாரு கையெழுத்து போட்டா செல்லும்?" என்று எதிர் டிரில்லிங் மெஷினிலிருந்து, ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒல்லிப் பையன் கேட்டதும் பட்டறையே சிரித்தது. மில்லிங்காரனும் கூடவே சிரித்து வைத்தான்.

இருபது வருஷமாக இரும்பைச் செதுக்கும் அந்த மில்லிங் மெஷின் முன்னால் நிற்கிறவன் அவன். அவன் மனைவி அதே பட்டறையின் ஸ்டோரில் உட்கார்ந்து டிரில் பிட்டும் கையுறையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு என்ன தோன்றியதோ, ரெண்டு வருஷக் கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி படிக்கப் போனாள். "ஒரு மாசம் தாங்க மாட்டா, போகட்டும்" என்று அவன்தான் ஃபாரம் வாங்கி வந்து கொடுத்தான்.

தாங்கிவிட்டாள். இதோ கடைசிப் பருவம். பட்டறையில் பம்பு மூடிக்கு நாலு துளை போடுகிறார்கள். ஒவ்வொரு மூடியிலும் கோடு கிழித்து, புள்ளி வைத்து, அப்புறம்தான் துளை. கோடே வேண்டாம், மூடியைச் செருகினால் போதும், டிரில் தானே சரியான இடத்தில் இறங்கும் என்று ஜிக் எனப்படும் ஒரு பிடிசட்டத்தை அவள் புராஜெக்ட்டுக்காக வரைந்திருந்தாள். பட்டறையிலேயே செய்து பார்க்க முதலாளி சம்மதித்தார். ஜிக் சரியாக வேலை செய்தால் மாடிக் கண்ணாடி அறையில் டிசைன் மேஜை அவளுக்கு.

அந்த மேஜையை அவனும் ஒரு தடவை கேட்டிருந்தான். "படிப்பு வேணுமேப்பா" என்று முதலாளி அவன் தோளைத் தட்டி அனுப்பினார். இதை அவன் வீட்டில் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அவள் படத்தை விரித்தாள்.

"என்னங்க, இத கொஞ்சம் பாருங்களேன். எங்க சார் பாத்துட்டுப் பிரமாதம்னாரு."

"உங்க சாரே சொல்லிட்டாரா? அப்புறம் என்ன?"

"அவரு சொன்னது இருக்கட்டும். துளை போட்டுப் பழகினவரு நீங்க. எங்கயாவது தப்பு இருக்கா?"

இருந்தது. குனிந்து பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மூடி, மேஜை இழுப்பறை போல, ஜிக்குக்குள் பக்கவாட்டில் நுழைகிறது. டிரில் மேலிருந்து இறங்கிக் கீழே வெளியேறுகிறது. வெளியேறும் இடத்தில் துளையைச் சுற்றிப் பிசிறு கிளம்பும். அந்தப் பிசிறு அடித்தகட்டில் இருக்கிற ஓட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். மூடி திரும்பி வராது. மூடி இழுபடும் திசையில் தகட்டில் இரண்டு பள்ளம் வெட்டிவிட்டால் பிசிறு அதன் வழியே வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஒரு மணி நேர வேலை. புத்தகத்தில் படித்து வரைகிறவர்கள் மறக்கிற இடம் இதுதான்.

சொல்ல வாயெடுத்தான். 'எங்க சார்' காதுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"படத்துல இருக்கிறபடி செஞ்சு தந்துடறேன்."

"அப்ப தப்பு இல்லையா?"

"நான் என்ன படிச்சவனா?"

"கேட்டதுக்கு இதுவா பதில்?"

"படம் சுத்தமா இருக்கு தாயே, போதுமா?"

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. அதைப் பார்க்க முடியாமல் அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

நாலு நாள் எடுத்துக்கொண்டான். அப்படி ஒரு வேலையை அவன் இருபது வருஷத்தில் செய்ததில்லை. ஒவ்வொரு விளிம்பையும் தடவித் தடவிப் பார்த்துச் செய்தான். நாளைக்குச் செய்தவன் மேல் யாரும் விரல் நீட்டக் கூடாதல்லவா!

சோதனைக்கு முதலாளி வந்தார், கல்லூரி சார் வந்தார். ஒட்டடைக்குச்சிதான் டிரில்லிங் மெஷினில் நின்றான். மூடி சொகுசாக உள்ளே போயிற்று. நாலு துளையும் விழுந்தன.

"எடுப்பா" என்றார் முதலாளி.

இழுத்தான். தட்டினான். மரச் சுத்தியால் தட்டினான்.

"வர மாட்டேங்குது முதலாளி. உள்ளயே குடித்தனம் வச்சிடுச்சு!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகம் வெளுத்தது. சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "செஞ்ச விதத்துல ஏதோ கோளாறு" என்றார்.

"எடுத்து அளந்து பாருங்க!" மில்லிங்காரனுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

அளந்தார்கள். மயிரிழை பிசகவில்லை. அதற்குள் அவள் குனிந்து டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"பிசிறு" என்றாள் மெதுவாக. "தப்பு என் படத்துலதான் சார். அது வழுக்கி வர்றதுக்குப் பள்ளம் விடல."

முதலாளி மில்லிங்காரன் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இத்தனை வருஷமா இரும்போட கிடக்கிறே. படத்தைப் பாத்தப்ப உனக்கு இது தெரியலையா?"

தெரியலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டில் நிம்மதி. சார் அவனைப் பார்த்த பார்வையில் 'இவனுக்கு எங்கே தெரியப்போகுது' என்று இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

"ஏன் தெரியாம? பாத்த உடனே தெரிஞ்சுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஒட்டடைக்குச்சி சுத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

அவள் அழவில்லை. காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

"பள்ளம் எவ்வளவு ஆழம் வேணும்?"

"ரெண்டு மில்லி." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அகலம், துளையைவிட நாலு கூட."

எழுதிக்கொண்டாள். மறுநாள் பள்ளம் வெட்டிய ஜிக்கிலிருந்து மூடி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த மாதம் அவள் கண்ணாடி அறைக்குப் போனாள்.

வீட்டில் சண்டை வரும் என்று காத்திருந்தான். வரவே இல்லை. சாப்பாடு வந்தது, துவைத்த சட்டை வந்தது, "நாளைக்கு மழை வருமாம்" என்பதும் வந்தது. படம் மட்டும் சாப்பாட்டு மேஜைக்கு வரவில்லை.

ஒருநாள் மாடிப் படிகளில் அவள் சுருட்டிய தாளோடு இறங்கி வந்தாள். அவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அவள் அவனைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனாள்.

"தம்பி, இதுல எங்கயாவது தப்பு இருக்கா, பாரேன்."

ஒட்டடைக்குச்சி திகைத்துப்போய் அவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அண்ணி, அண்ணன் இருக்கிறப்ப நானா?"

"உனக்குத் தெரிஞ்சத நீ சொல்லுவே. பாரு."

இரண்டு பேரும் தாள்மேல் குனிந்தார்கள். ஒட்டடைக்குச்சி ஏதோ ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தான். தவறான கோடு. இங்கிருந்தே தெரிந்தது மில்லிங்காரனுக்கு.

"அது இல்லடா" என்றான். மெஷின்களின் இரைச்சலில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை.