தெருவில் கிடந்த சாமி

தேர்தலில் தோற்ற கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், ரொட்டிக்கடை ஹெரென்னியஸ் தன் வீட்டுச் சாமியைத் தூக்கித் தெருவில் எறிந்தார். சாண் உயர வெண்கல லார்; ரோமானியர்கள் வீட்டுக்கு வீடு வைத்துக் கும்பிடும் காவல் தெய்வம். ஒரு கையில் கொம்புக் கிண்ணமும் மறு கையில் தட்டுமாக ஆடுகிற இளம்பிள்ளை. நான்கு தலைமுறையாக அந்தக் குடும்பம் சாப்பிட்டதில் எல்லாம் அதற்கும் பங்கு உண்டு. தேர்தலை முன்னிட்டுப் பன்றிக்குட்டி, தேன் அப்பம், தினமும் புது மாலை என்று தனிக் கவனிப்பு வேறு. நோலா நகரத்து ஜனங்களோ வேறொருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"திங்கத் தெரிஞ்சுதுல்ல, ஓட்டு வாங்கித் தரத் தெரியலையா?" என்று கேட்டுத்தான் எறிந்தார். கேட்ட கேள்வியில் அவருக்கு இன்றுவரை தப்பு தெரியவில்லை.

மனைவி நோவெல்லியா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்ல காரியம் பண்ணீங்க. அடுத்த வாரம் கல்யாணம். பொறந்த வீட்ட விட்டுப் போறதுக்கு முன்னாடி உங்க மக பொம்மையெல்லாம் யார் காலடியில வைப்பா? உங்க காலடியிலயா?"

கோபம் இறங்கிவிட்டது. தெருவுக்கு ஓடினார். கழுதைச் சாணம் கிடந்தது. சாமியைக் காணோம்.

மறுநாள் எதிர்வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தார். சலவைப் பட்டறை வைத்திருக்கும் ட்ரெபோனியஸ்தான் சம்பந்தியாகப் போகிறவர். அந்த வீட்டில் இதுவரை சுவரில் வரைந்த சாமிதான். இன்று மாடத்தில் வெண்கலம் பளபளத்தது. மகள் ஆறு வயதில் கீழே போட்டு ஒடித்த கொம்பு நுனி அப்படியே இருந்தது.

"வாங்க சம்பந்தி. புதுசா வந்திருக்கற ஆளைப் பாத்தீங்களா? நேத்து தெருவுல கெடந்தாரு."

"அப்படியா."

"எந்த மடப்பய எறிஞ்சானோ. பெத்த பிள்ளையத் தெருவுல போடறவன்கூட லாரைப் போட யோசிப்பான். அப்பேர்ப்பட்ட வீட்டுல நான் பொண்ணு எடுப்பனா, நீங்களே சொல்லுங்க."

"சேச்சே, எப்படி எடுப்பீங்க."

"உங்க வீட்டு லாரும் இதே ஜாடைதானே?"

"எங்களுது இன்னும் கொஞ்சம் உசரம்," என்றார் ஹெரென்னியஸ்.

அந்த ஒரு வார்த்தையோடு நான்கு தலைமுறைச் சாமியைக் கைகழுவியாயிற்று. மகள் கல்யாணம் நடந்தால் போதும் என்று வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள், சாமி மெருகு போடப் போயிருக்கிறது என்று மகளிடம் சொன்னார். ஹெரென்னியா வெறும் மாடத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பொம்மைகளைத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீடு எதிரிலேயே இருந்ததால், ஊர்வலம் என்று பேர் சொல்ல வேண்டுமே என்று தீப்பந்தங்களோடு நாலு தெரு சுற்றினார்கள். வழக்கப்படி வாதுமைக் கொட்டைகளை வாரி இறைத்தார்கள், பச்சையான பாட்டுகளுக்கும் குறைவில்லை. மணப்பெண்ணை வாசற்படியில் கால் படாமல் தூக்கி உள்ளே விட்டார்கள். அவள் செருப்புக்குள் வைத்திருந்த காசை எடுத்துப் புகுந்த வீட்டு லாரின் காலடியில் வைக்கப் போனாள். ஒடிந்த கொம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். காசை வைத்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்துத் துணிப்பொம்மை, மரப்பொம்மை என்று ஒவ்வொன்றாக அதே இடத்தில் அடுக்கினாள்.

"பொம்மையப் பொறந்த வீட்டுச் சாமிக்குல்லம்மா வைப்பாங்க?" என்றார் ட்ரெபோனியஸ்.

"ஆமா மாமா. அவருக்குத்தான் வைக்கறேன்."

கூட்டம் மொத்தமும் ஹெரென்னியஸைத் திரும்பிப் பார்த்தது.

ட்ரெபோனியஸ் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அன்னிக்கே தெரியும் சம்பந்தி. நீங்க வாயத் தெறந்து கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன். இப்ப முடியாது. மருமக புகுந்த வீட்டுச் சாமின்னு காசு வச்சுட்டாளே. இனிமே அவரு எங்க வீட்டு ஆளு."

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டில் ஹெரென்னியஸின் கையிலிருந்து ஒரு மீன் துண்டு தவறித் தரையில் விழுந்தது. தரையில் விழுந்த சாப்பாடு லாருக்குச் சொந்தம், அவர் முன்னால் நெருப்பில் போட்டாக வேண்டும். எடுத்துக்கொண்டு பழக்கத்தில் மாடத்தடிக்குப் போய் நின்றார்.

"அங்க என்ன பாக்கறீங்க? எதிர்வீட்டுக்குக் கொண்டு போங்க," என்றாள் நோவெல்லியா.

உள்ளங்கையில் மீனோடு, ஊர் பார்க்கத் தெருவைக் கடந்தார். மகள்தான் கதவைத் திறந்தாள். கையைப் பார்த்தாள், மீனை வாங்கிக்கொண்டாள்.

"உங்க பேரைச் சொல்லிப் போடட்டுமாப்பா?"

ஹெரென்னியஸ் அவள் தோளுக்கு மேலாக மாடத்தை எட்டிப் பார்த்தார். லார் முன்போலவே ஆடிக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா," என்றார். "கோவமா இருப்பாரு."