நான்கு விரல் கணக்கு

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிலிண்டர் கட்டிக்கொண்டு நீருக்குள் மூழ்கும் ஸ்கூபா தேர்வில் இரண்டாவது முறையாகத் தோற்றுவிட்டு வந்த என் அண்ணி, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடுத்த அறையில் உட்கார்ந்து நான் அதைக் கதையாக்கத் தொடங்கினேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அந்தப் புத்திதான்.

அண்ணி பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். தண்ணீருக்கடியில் தூண்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பதினான்கு வருடங்களாக மற்றவர்கள் எடுத்துவரும் படங்களில்தான் பார்க்கிறார். தானே இறங்கி, விரிசலைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குச் சான்றிதழ் வேண்டும். தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவது, வரும் வியாழக்கிழமை.

அவர் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். நான் ஐந்தடி பத்து. நெட்டை என்றுதான் கூப்பிடுவார். அவர் தேர்வுக்கு வரும் பயிற்சி நிலையத்தில் உபகரண அறை என் பொறுப்பு.*

(* குள்ளமானவர்களுக்கு ஆறுதலாகக் கடுகை வைத்து ஒரு பழமொழி சொல்வார்கள். அதை எழுதினால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அண்ணி எச்சரித்திருக்கிறார். எழுதவில்லை.)

2

முதல் தொடக்கம் இது:

"கடல் அவளை விழுங்கக் காத்திருந்தது. அவள் நெஞ்சு —"

வேண்டாம். கடலுக்கு வேறு வேலை இல்லையா?

இரண்டாவது:

"சிறு வயதில் கிணற்றில் விழுந்த அந்தப் பெண், அதற்குப் பிறகு தண்ணீரை —"

அண்ணி எந்தக் கிணற்றிலும் விழுந்ததில்லை. அவர் பயத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, நானே தள்ளிவிட்டேன். தேர்வாளரின் குறிப்பில் இரண்டு முறையும் ஒரே வரிதான்: "சைகைகளுக்குப் பதில் இல்லை. பதற்றம்." அதை நான் அப்படியே நம்பினேன். பயத்தை வெல்லும் பெண் என்றால் பத்திரிகைக்காரர்களும் மறுபேச்சில்லாமல் போடுவார்கள்.

3

ஆனால் பாத்திரம் ஒட்டவில்லை. பாலத்துக்கடியில் கயிற்றேணியில் தொங்கிக்கொண்டே மதியச் சாப்பாட்டை முடிக்கிற பெண்ணை எப்படிப் பயந்தாங்கொள்ளி ஆக்குவது? எழுதிய வரைக்கும் எடுத்துக்கொண்டு போய் அண்ணியிடமே படித்துக் காட்டினேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்கேன்," என்றார். "பயந்துதான் போயிட்டேன் போலன்னு. ஆனா உள்ள இருக்கறப்ப பயமா இல்ல. தலையைத் தூக்கினா பின்மண்டையில சிலிண்டர் இடிக்குது. அதனால தரையையே பாத்துக்கிட்டிருந்தேன்."

தரையையே பார்த்தவர் தேர்வாளரின் கையை எப்படிப் பார்த்திருப்பார்?

"இதை ஏன் அண்ணி முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. முதல் நாளே உன்கிட்டதான் சொன்னேன். போகப்போகப் பழகிடும்னு சொன்ன."

[இங்கே அரைப் பக்கம் எழுதி அடித்துவிட்டேன். எல்லாம் என்னை நல்லவளாகக் காட்டும் வரிகள்.]

தேர்வாளரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாராம்.

4

கூடம் கோணல்தான். கோணலாக்கியவள் நான்.

முதுகுப் பக்கம் சிலிண்டரைப் பட்டையால் இறுக்கிக் கட்டும் ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். ஜாக்கெட்டின் கழுத்துக்கு மேல் சிலிண்டரின் தலை நான்கு விரல் தெரிய வேண்டும் என்பது எங்கள் அறையின் கணக்கு. கட்டிவிடுபவர் தன் கையை வைத்து அளப்பார். என் கை பெரிய கை; அண்ணிக்கும் அதை வைத்துத்தான் அளந்தேன். அந்த நான்கு விரல் எனக்குப் பிடரியோடு நின்றுவிடும், அண்ணிக்கு மண்டை வரை ஏறிவிடும். நிற்கும்போது இது தெரியாது. தண்ணீருக்குள் குப்புற நீந்திக்கொண்டு முன்னால் பார்க்கத் தலையை நிமிர்த்தும்போதுதான் இடிக்கும். நாங்களோ எல்லோரையும் நிற்க வைத்துத்தான் சரிபார்க்கிறோம்.

மறுநாள் காலை ஆழமில்லாத குளத்தில் அண்ணியைக் குப்புறப் படுக்கச் சொன்னேன். சிலிண்டரைக் கீழே இறக்கினால் அடிப்பக்கம் தொடையில் முட்டியது. ஏற்றினால் மண்டை. நான் அந்தப் பட்டையோடு மல்லுக்கட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் சிறுவர் வகுப்புக்கு வைத்திருக்கும் குட்டைச் சிலிண்டரை எடுத்துவந்தேன். அதில் காற்று குறைவு; அண்ணிக்குக் காற்றுச் செலவும் குறைவு. ஜாக்கெட்டும் சிறுவர்களுடையதுதான், மார்பில் மஞ்சள் மீன் படம் போட்டது. பதினான்கு வருடப் பொறியாளர் மறுபேச்சில்லாமல் அதை மாட்டிக்கொண்டார்.

தலையைத் தூக்கினார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். நான் காட்டிய சைகை ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. சிரித்துக்கொண்டு மேலே வருவார் என்று நினைத்தேன், அழுதுகொண்டு வந்தார்.

"ரெண்டு வாரமா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்டி," என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. நானும் அழுதேன்.

5

பழைய தேர்வுத் தாள்கள் இரண்டையும் எடுத்தேன். "உபகரணம் சரிபார்த்தவர்" என்ற இடத்தில் என் கையெழுத்து. அதற்குக் கீழே எழுதினேன்: "இரண்டு முறையும் சிலிண்டர் தவறான உயரத்தில் கட்டப்பட்டது. தவறு என்னுடையது." தேர்வாளர் இரண்டு முறை படித்தார். என் வேலையைப் பற்றி யோசித்துவிட்டுத்தான் எழுதினேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். (யோசிக்கவில்லை.) எழுதியதை மேலிடத்துக்கு அனுப்புவதாகவும், பதில் வரும்வரை வியாழக்கிழமைதான் கடைசி வாய்ப்பு என்றும் சொன்னார்.

6

இன்று புதன். இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அண்ணி தேறுகிறார். அடுத்த மாதமே ஒரு தூணைத் தொடுகிறார். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்றில் எதுவும் இடிக்கவில்லை, இருந்தும் அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிடுகிறது. பாதியில் மேலே —

இதை எப்படிப் படித்துக் காட்டுவது என்று தயங்கினேன். அண்ணியே பிடுங்கிப் படித்தார்.

"இருக்கட்டும்," என்றார். "பயந்து தோத்தா அது என் தோல்வி. அதை நான் தாங்கிக்குவேன்."

அதற்குப் பிறகு எனக்கு முடிவு எழுதக் கை வரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தேற வைப்பதும் திருப்பி அனுப்புவதும் உங்கள் இஷ்டம். அவரைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் எங்காவது இடிக்கிறதா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்காமலே என்னிடம் அவர் சொல்லியிருந்தார்.