ஒரே வீட்டில் இரண்டு கன்

2023 மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், கட்டி முடியும் நிலையில் இருந்த ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில், தச்சு வேலை செய்யும் பெண் ஒருத்தியின் கையிலிருந்து சுத்தியல் நழுவித் தரையில் விழுந்தது. புதிதாகப் பதித்திருந்த தரை ஓடு ஒன்றில் விரிசல் விட்டது.

அவள் மேசை நாற்காலி செய்கிறவள் அல்ல. கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் கிளம்பிய பிறகு வீட்டுக்குள் வருகிறவள். சுவரும் தரையும் சேரும் இடம், சுவரும் கதவு நிலையும் சேரும் இடம், சுவரும் கூரையும் சேரும் இடம் என்று எங்கெல்லாம் பிறர் வேலை இளித்துக்கொண்டு நிற்கிறதோ அங்கெல்லாம் மரப்பட்டி அடித்து மூடுவது அவள் தொழில். வேலைத்தளத்தில் அவளுக்கு அரைமில்லி என்று பெயர். மூலையில் இரண்டு பட்டிகள் சேருமிடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தாலும் பிடுங்கிவிட்டு மறுபடி அறுப்பாள்.

அவள் கணவன் அதே கட்டடத்தில் பெயிண்டர். அவள் பட்டி அடிப்பாள், அவன் பட்டி பார்ப்பான். அவளுக்குப் பட்டி என்றால் மரம். அவனுக்குப் பட்டி என்றால் ஆணி ஓட்டையை அடைக்கும் வெள்ளைப் பசை. "பட்டி தீர்ந்துபோச்சு" என்று ஒருவர் போனில் சொன்னால், மற்றவர் "உன் பட்டியா, என் பட்டியா?" என்று கேட்காமல் கடைக்குப் போவதில்லை.

வைத்தியர் அவளுடைய வலது முழங்கையை அழுத்திப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். "தசைநார் புண்ணாகியிருக்கு. இந்த வருஷம் சுத்தியலைத் தொடாதீங்க. தொட்டீங்கன்னா அடுத்த வருஷமும் தொட முடியாது."

காண்ட்ராக்டர் இன்னும் சுருக்கமானவர். "கை சரியாகணும்னு நானும் வேண்டிக்கிறேம்மா. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்காரங்க பார்க்க வர்றாங்க. மூணாவது மாடி முடிஞ்சிருந்தா நாலாவதும் உனக்குத்தான். முடியலைன்னா வேற ஆளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். தப்பா நினைச்சுக்காதே."

நாத்தனாருக்குத் திரைச்சீலை தைக்கும் கடை இருந்தது. செய்தி கேட்ட அன்றே வந்துவிட்டாள்.

"அண்ணி, பேசாம என் கடைக்கு வந்துடுங்க. உட்கார்ந்த இடத்துல வேலை. தலைக்கு மேல ஃபேன். தூசி கிடையாது, ஏணி கிடையாது. இந்த மனுஷன் மூஞ்சியையும் பகல் பூரா பார்க்க வேண்டாம்."

"என் மூஞ்சிக்கு என்ன?" என்றான் பெயிண்டர்.

"கண்ணாடியில பாருண்ணே. காதுல இன்னும் நீலம் இருக்கு."

அவள் சிரித்தாள். ஆனால் நாத்தனார் போன பிறகு சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டே, "நல்ல மனசோடதான் கூப்பிடறா. ஆனா துணியில அரை மில்லி பார்த்துச் சேர்க்க மூலையே கிடையாதே" என்றாள். பெயிண்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை மாலை இருவரும் கருவிக் கடைக்குப் போனார்கள். சுத்தியல் இல்லாமல், காற்று அடைத்து ஆணி சுடும் கருவியை, அதாவது ஆணிக் கன்னை, அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் ஒன்று வேண்டும், அறை அறையாக ரப்பர் குழாயை இழுக்க வேண்டும். லிஃப்ட் இன்னும் ஓடாத கட்டடத்தில் புண்பட்ட கையோடு கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவது நடக்கிற காரியமில்லை. அதனால் பேட்டரியில் ஓடுவதுதான் என்று முடிவு செய்திருந்தாள்.

கடைக்காரர் பெயிண்டரைப் பார்த்து, "சாருக்கு எந்த மாதிரி வேணும்?" என்றார்.

"சாருக்கு ஒண்ணும் வேண்டாங்க. அவங்கதான் தச்சர். நான் பின்னாடியே போய் ஓட்டை அடைக்கிறவன்."

கடைக்காரர் அசரவில்லை. உடனே அவள் பக்கம் திரும்பி, இருப்பதிலேயே பெரிய கருவியை எடுத்து மேசையில் வைத்தார். "இதை எடுத்துக்கோங்கக்கா. பதினாறாம் நம்பர் ஆணி. கதவு நிலை, படிக்கட்டு, எல்லாத்தையும் இது ஒண்ணே பார்த்துக்கும். யானையையும் சுவத்துல நிறுத்தும்."

அவள் அதை இடது கையால் எடுத்தாள். தலைக்கு மேலே தூக்கி, கூரையோரம் பட்டி அடிப்பவள் போலப் பிடித்துக்கொண்டு விலை பேசத் தொடங்கினாள். பேச்சு முடிவதற்குள் கை இறங்கிவிட்டது.

"கீழே பிடிச்சா நல்லாத்தான் இருக்கு. மேலே கனக்குது. சின்னது காட்டுங்க."

"பதினெட்டாம் நம்பர் இருக்கு. நம்பர் ஏற ஏற ஆணி மெலிசு. பிடிப்பு கொஞ்சம் கம்மிதான்."

"யானையை நிறுத்தப் போறதில்லைங்க. பட்டியை நிறுத்தினா போதும்."

கையோடு கொண்டுவந்திருந்த மரத்துண்டைப் பையிலிருந்து எடுத்தாள். கடைக்காரர் இரண்டு கருவியிலும் ஆணி போட்டுக் கொடுத்தார். மூக்கை மரத்தில் அழுத்தினால்தான் விசை வேலை செய்யும், அந்தரத்தில் சுடாது. முதலில் பெரியது, பிறகு சின்னது. பெயிண்டர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"இந்தப் பெரிய ஓட்டைக்கு நான் பட்டி வைக்க முடியாது. சிமெண்ட்தான் வைக்கணும்."

அவள் இன்னும் சில கேள்விகள் கேட்டாள். ஆணி தீர்ந்த பிறகும் சும்மா சுட்டுக்கொண்டிருக்குமா, தானே நிற்குமா? நிற்கும். ஆணி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று திருகி வைக்க முடியுமா? முடியும். தன்னிடம் இருக்கும் டிரில்லின் பேட்டரி இதற்குப் பொருந்துமா? கடைக்காரர் பொருத்திக் காட்டினார். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவள் முடிவு செய்தாள் என்று பெயிண்டர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான். அவள் மறுத்தாள்; எடைதான் காரணம் என்றாள்.

திங்கட்கிழமை காலை வேலை தொடங்கியது. கூரைப்பட்டி முழுக்க பாக்கி, தரைப்பட்டியில் பாதி பாக்கி. அவள் குளியலறையில் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். பெயிண்டர் கூடத்தில் பையைப் பிரித்துச் சாமான்களை வரிசையாக வைத்துவிட்டு, கீழ்மாடியில் தன் வேலைக்குப் போனான்.

கூடத்தின் நீளச் சுவரில் முதல் பட்டியைத் தோளால் தாங்கி, இடது கையால் கருவியை அழுத்தி, விசையைத் தட்டினாள். டப். சுத்தியலால் பல அடி அடித்து, பிறகு உளிபோன்ற குத்தூசி வைத்து ஆணித்தலையை உள்ளே தள்ளும் வேலை அந்த ஒரு டப்பில் முடிந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சுவர் முழுவதும் அடித்துக்கொண்டே போனாள். ஏணியை விட்டு இறங்கி, தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

ஒவ்வோர் ஆணி ஓட்டைக்குப் பக்கத்திலும் இரண்டு பள்ளங்கள். பாம்பு கடித்த தடம்போல.

கடையில் சுட்ட துண்டில் இப்படி விழவில்லை. அது பழைய வேலையில் மிஞ்சிய கெட்டி மரம். இது நகம் பட்டாலே தடம் விழும் மெத்து மரம். மெத்து மரத்துக்கு மெத்தென்ற கை வேண்டும். மெதுவாக அழுத்திப் பார்த்தாள். கருவி சுடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சுட்டது, பள்ளமும் விழுந்தது. ஆழத்தைத் திருகிக் குறைத்தாள். ஆணித்தலை வெளியே நின்றது; பள்ளம் அப்படியே விழுந்தது. வலது கையாக இருந்தால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். இத்தனை வருடமும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்த இடது கைக்கு அது தெரியவில்லை.

படுக்கையறையிலும் ஒரு பட்டி அடித்துப் பார்த்தாள். அதே பாம்புக்கடி. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"உன் கடையில அந்த நாற்காலி இன்னும் காலியா இருக்கா?"

"என்ன அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கு? கன்னு வாங்கினீங்களே, என்னாச்சு?"

"அது நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கை வரலை. வெள்ளிக்கிழமைக்கு மேல வந்துடறேன்."

மறுமுனையில் நாத்தனார், "வாங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். ஜெயித்தவள் குரலில் இல்லை அது.

சாப்பாட்டு வேளைக்குப் பெயிண்டர் மேலே வந்தபோது, அவள் கருவியைத் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக் கொடுத்துடலாம்."

"ஏன், சுடலையா?"

"சுடுது. எனக்குத்தான் பிடிக்கத் தெரியலை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் கூடத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

அவன் தன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். பெயிண்டர்கள் சுவரை நேர் வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால், மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அவன் விளக்கை மெல்ல நகர்த்திக்கொண்டே போனான். கூடத்தின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்தான். பிறகு படுக்கையறைக்குப் போனான்.

"ஏய் அரைமில்லி. இங்கே வா."

"பார்த்தது போதும், நீங்க இறங்குங்க."

"அப்புறம் கோவப்படு. இதைப் பாரு. முதல் பள்ளமும் கடைசிப் பள்ளமும் ஒரே ஆழம். ஒரே அகலம். நீ மெதுவா அழுத்தினேன்னு சொல்ற இடத்துலயும் அதேதான். கை சரியில்லைன்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசா இருக்கும். என் தம்பி பட்டி வெச்ச சுவரு மாதிரி. இது கை இல்லை, அச்சு. சில சமயம் கூடம் நிஜமாவே கோணலாத்தான் இருக்கும்."

அவள் ஏணியில் ஏறிப் பார்த்தாள். இறங்கிவந்து பெட்டியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, கருவியின் மூக்கைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு இரும்புப் பற்கள் வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தன.

"இதுல ஒரு ரப்பர் இருக்குமே. மரத்துல தடம் விழாம இருக்க. கடையில இருந்துச்சு. நான் பார்த்தேன்."

பெயிண்டர் முகம் மாறியது. "கறுப்பா, சின்னதா?"

"ஆமா."

"நீதானே கழட்டச் சொன்னே."

"நானா?"

"காலையில குளியலறையிலேர்ந்து கத்தினியே. 'கன்னு மூக்குல இருக்கிற மூடியைக் கழட்டி வெச்சுடுங்க'ன்னு. கழட்டி வெச்சுட்டேன். கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு, பல்லால கடிச்சு இழுத்தேன்."

அவள் அவனையே பார்த்தாள். அவள் சொன்னது சிலிக்கான் கன்னை. சுவருக்கும் பட்டிக்கும் நடுவே பசை பிதுக்குவதற்கு அவன் பல வருடமாக வைத்திருக்கும் கன். அந்த வீட்டில் கன் என்றால் இத்தனை நாளும் அது ஒன்றுதான். அதன் குழல் மூக்கில் ஒரு மூடி உண்டு. கழற்றினால்தான் பசை வரும். தினமும் காலையில் அவள் சொல்லும் வாக்கியம்தான் அது. ஆனால் சனிக்கிழமை மாலையிலிருந்து இருவரும் கன், கன் என்று பேசியதெல்லாம் புதியதைப் பற்றி.

"பசைக் கன்னைச் சொன்னேன், பெயிண்டரே!"

"நேத்து பூரா கன்னுன்னா ஆணிக் கன்னு. இன்னைக்குக் காலையில கன்னுன்னா பசைக் கன்னா? எனக்கென்ன சோசியமா தெரியும்?"

"எந்தக் கன்னுன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? பட்டிக்கு மட்டும் உன் பட்டியா என் பட்டியான்னு கேட்கத் தெரியுது!"

"பட்டிக்குப் பழக்கம் இருக்கு. இதுக்கு இனிமேதான் பழகணும்."

பேசிக்கொண்டே அவன் சட்டைப்பையைத் தரையில் கொட்டினான். உப்புத்தாள் துண்டு, பென்சில், ஒரு பொத்தான், காய்ந்த பட்டிக் கட்டி. அவற்றோடு கறுப்பு ரப்பரும் இருந்தது. ஓரத்தில் பல் பதிந்திருந்தது. அவள் அதை மூக்கில் மாட்டினாள். மிச்சத் துண்டு ஒன்றை எடுத்து, இடது கையால் அழுத்திச் சுட்டாள். ஓர் ஓட்டை மட்டும் விழுந்தது. இன்னொரு முறை, வேண்டுமென்றே பலமாக அழுத்திச் சுட்டாள். ஓர் ஓட்டைதான்.

அவள் துண்டை அவனிடம் நீட்டினாள். அவன் விளக்கைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பட்டியே வேண்டாம் போலிருக்கே. என் பிழைப்புல மண்ணைப் போடாதே" என்றான். அவள் அவன் முதுகில் இடது கையால் ஓர் அறை விட்டாள். வலிமையாகவே விழுந்தது.

பள்ளம் விழுந்த பட்டிகளைப் பிடுங்க வேண்டாம் என்று அவன் சொன்னான். தானே அடைத்துத் தேய்த்துவிடுவதாக ஏற்றுக்கொண்டான். அது நியாயம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். பிறகு சாப்பிட்டார்கள். கை கழுவும்போதே அவள் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடும்மா."

"இப்பதான் தொடைச்சு வெச்சேன் அண்ணி! அதுக்குள்ள என்ன?"

"உங்க அண்ணன் ஆணிக் கன்னோட மூக்கைக் கடிச்சு வெச்சுட்டாரு."

"அண்ணன் கண்டதையும் கடிக்கும்னு நான் சின்ன வயசுலேர்ந்து சொல்றேன், யாரு கேட்கறாங்க" என்றாள் நாத்தனார்.

மூன்று நாட்களில் கூரைப்பட்டி முடிந்தது. இடது தோள் வலித்தது, முழங்கை வலிக்கவில்லை. தரைப்பட்டிகளை முட்டி போட்டு அடித்தாள். மூலைகளில் கருவியை எந்தப் பக்கம் சாய்த்தால் ஆணி விலகிக்கொண்டு வெளியே வராது என்பதை இரண்டு ஆணிகளை வீணாக்கிக் கற்றுக்கொண்டாள். பெயிண்டர் பின்னாலேயே ஓட்டைகளை அடைத்துக்கொண்டு வந்தான். இருவரும் கருவிகளுக்குப் பெயர் பிரித்தார்கள். அவளுடையது கன், அவனுடையது பசை. அவன் ஆட்சேபித்தான். எடுபடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காண்ட்ராக்டர் வீட்டுக்காரத் தம்பதியுடன் வந்தார். மனைவி ஒவ்வோர் அறையிலும் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தார். கணவர் விரிசல் விட்ட தரை ஓட்டைக் காட்டி, அதை மாற்றித்தர வேண்டும் என்றார். காண்ட்ராக்டர் சரி என்றார். வேறு குறை எதுவும் சொல்லப்படவில்லை.

திங்கட்கிழமை நான்காம் மாடியில் வேலை தொடங்கியது. திரைச்சீலைக் கடையில் பக்கத்துத் தெருவைச் சேர்ந்த ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள்.