வெரா லைனில் தக்காளிச் செய்தி

இணையமும் கைப்பேசியும் வராத காலம் அது. ஓஹியோவில், ஏரிக்கரையை ஒட்டிய அந்த எஃகு ஆலை ஊரில், ஹெரன்ஸ் பேஸ்பால் அணி நேற்று என்ன கிழித்தது என்று தெரிய வேண்டுமானால் ஜனங்கள் வெரா ஹுடாக்கின் வீட்டுக்குத்தான் போன் போடுவார்கள். வெரா எடுக்க மாட்டாள். பதில் சொல்லும் மெஷின்தான் எடுக்கும். அன்றைய பேஸ்பால் விமர்சனம் அவள் குரலில் ஓடி முடிந்ததும் ஒரு 'பீப்' கேட்கும். அதற்குப் பிறகு பாராட்டுவதோ திட்டுவதோ அவரவர் இஷ்டம்.

பகலில் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிப் பழகியவள், மெஷின் முன்னால் வந்தால் மட்டும் வாயை அவிழ்த்து விட்டுவிடுவாள்.

"நம்ம ஷார்ட்ஸ்டாப் இடத்துல நிக்கறவர் நேத்து பந்தைப் பிடிச்ச அழகைக் கேட்டீங்களா? குளிக்கறப்ப சோப்பு நழுவற மாதிரி நழுவுது. சம்பளத்தை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கறார் மனுஷன். ஆனா அந்தப் புதுப் பையன் டெல்மர் ரூக்ஸ் இருக்கானே, இடது கைக்காரன், அவன் பந்து போட்டா எங்க அப்பா காலத்து ஆட்டத்தைப் பார்க்கற மாதிரி இருக்கு. கண்ணு படாம இருக்கணும்."

ஊரே கேட்டது. ஆனால் வெரா பேசியதெல்லாம் ஊருக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அழைப்பு வரும். பீப்புக்குப் பிறகு பேச்சு இருக்காது. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கொஞ்சம், பிறகு போனை வைக்கும் சத்தம். அது தன் தம்பி எமில்தான் என்று வெரா நம்பினாள். நம்பினாள் என்ன, அவனாக இருக்க வேண்டுமே என்று ஏங்கினாள். அவன் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் அவளுக்கு.

அப்பா ரொட்டிக்கடை வைத்திருந்தார். கோடைக்காலத்தில் கடையின் மொட்டை மாடியில் ரேடியோவை வைத்து, அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு கசகசா ரொட்டியைக் கடித்துக்கொண்டு, கையில் மாவு ஒட்டிய அப்பாவோடு ஆட்டம் கேட்ட சாயங்காலங்கள்! அதெல்லாம் இனி எங்கே வரப்போகிறது? அந்த மாடியில் ஒரு சட்டம் உண்டு. பேஸ்பால் பைத்தியங்கள் எல்லாருக்கும் உள்ள சட்டம்தான். ஆட்டம் முழுக்க எதிரணிக்காரன் ஒருவனைக்கூட ஒழுங்காக அடித்து முதல் பேஸுக்கு ஓடவிடாமல் பந்து போட்டு முடித்தால் அது நோ-ஹிட்டர். எப்போதோ பூக்கிற பூ. அது நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லவே கூடாது. சொன்னால் அடுத்த பந்திலேயே கெட்டுவிடும். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவது தாண்டிவிட்டால் அப்பா ஆட்டத்தை விட்டுவிட்டு மாவு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அப்பா ஆஸ்பத்திரியில் கடைசிப் படுக்கையில் கிடந்தபோது ரேடியோவில் அப்படி ஒரு ஆட்டம் அமைந்தது. ஹெரன்ஸுக்குச் சரித்திரத்தில் ஒரு நோ-ஹிட்டர்கூடக் கிடையாது. கடைசி இன்னிங்ஸ். அப்பாவின் கண்ணில் அத்தனை நாள் இல்லாத வெளிச்சம். எமிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா, நோ-ஹிட்டர்ப்பா!" என்று அவர் கையைப் பிடித்துக் கத்திவிட்டான். அடுத்த பந்தையே எதிரணிக்காரன் அடித்துவிட்டான்.

அந்த வாரமே அப்பா போய்ச் சேர்ந்தார். "அவரோட கடைசி ஆசையில மண்ணைப் போட்டுட்டியே! ராசி கெட்டவனே!" என்று வெரா சொந்தக்காரர்கள் முன்னால் கத்தினாள். எமில் அரிசோனாவுக்குப் போனவன், அதற்குப் பிறகு முகம் காட்டவில்லை.

அதெல்லாம் நடந்து பல வருஷம் கழித்து ஒரு ஞாயிறு மதியம், டெல்மர் ரூக்ஸ் பந்து போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு பெர்னிஸ் காபிக்கோப்பையும் கேக்குமாக வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் வெரா, எதிர் டீம் பசங்க இன்னும் ஒரு தடவைகூட..."

"பெர்னிஸ்! வாயை மூடிக்கிட்டு கேக்கைத் தின்னு!"

"நான் என்னடி சொல்லிட்டேன்?"

"ஒண்ணும் சொல்லல. சொல்லவும் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் வெரா ஒரு பதிவு போடுவது வழக்கம். ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆலைக்காரர்கள் ஆலை வாசல் போனிலிருந்து கேட்பார்கள். இன்று என்னவென்று சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியாது. மெஷினை அழுத்தினாள்.

"வெரா பேசறேன். இன்னைக்கு நல்ல வெயில். ஏரிக்காத்து சுகமா இருக்கு. பெர்னிஸ் வீட்டுத் தக்காளி பழுத்துக்கிட்டு வருது. ஆட்டத்தைப் பத்தி என்னைக் கேட்காதீங்க. சத்தியமா சொல்ல மாட்டேன்."

முதல் அழைப்பு ஆலை வாசலிலிருந்து. "தக்காளியா? அடக் கடவுளே! டேய், ஓடியாங்கடா, தக்காளி பழுக்குதாம்!" என்று ஒரு குரல் மெஷினில் அலறியது. பெர்னிஸ் திருதிருவென்று விழித்தாள்.

அடுத்த அழைப்பில் பீப்புக்குப் பிறகு வெறும் மூச்சு. வெரா மெஷினுக்கு அருகே போய் நின்றாள். வைக்கும் சத்தம் கேட்கவில்லை.

"அரிசோனாலயும்... நல்ல வெயில்தான்."

வெரா பாய்ந்து ரிசீவரை எடுத்தாள். "எமில்! வச்சிடாதடா!"

"இல்லக்கா. தக்காளி எப்படி இருக்கு?"

"எட்டாவது செடிகிட்ட நிக்கறேன்டா. இதுவரைக்கும் ஒரு புழுகூட இல்ல."

"டிவி சத்தத்தைக் கூட்டுக்கா."

கூட்டினாள். ரிசீவரை டிவி பக்கம் நீட்டியபடி நின்றாள். கை வலித்தது, கண்ணில் தண்ணீர் வேறு. ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தது. ஒருவன் அவுட். இன்னொருவனும் அவுட். இன்னும் ஒரே ஒருவன்தான். ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"அக்கா, நான் வச்சிடறேன்."

"ஏன்டா?"

"நான் லைன்ல இருந்தா விளங்காது. அன்னைக்கு அப்பாவுக்கு நடந்த மாதிரி ஆயிடும். என் ராசி தெரிஞ்சதுதானே?"

வெராவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் ஆத்திரத்தில் கொட்டிய ஒரு சொல்லை இவன் இத்தனை வருஷமும் நிஜமென்று சுமந்துகொண்டு திரிந்திருக்கிறானே! டிவியில் டெல்மர் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கையை ஓங்கினான்.

"நோ-ஹிட்டர்!" என்று வெரா கத்தினாள். "கேட்டுதாடா? நோ-ஹிட்டர்! நோ-ஹிட்டர்!"

பெர்னிஸின் காபி மடியில் கொட்டியது. மட்டையில் பந்து பட்ட சத்தம் அரிசோனா வரைக்கும் கேட்டிருக்கும். பந்து வலது பக்கப் புல்லில் போய் விழுந்தது. மைதானம் முழுக்க ஒரே ஐயோ.

"அடிச்சுட்டானா?" என்றான் எமில்.

"அடிச்சுட்டான்."

"ஐயோ அக்கா! நம்ம டீமுக்கு இதுவரைக்கும் ஒண்ணுகூடக் கிடையாதே! கெடுத்துட்டியே! வேணும்னே கெடுத்துட்டியே!"

"ஆமாடா, நான்தான் கெடுத்தேன். இனிமே ஊர் பூரா என்னையே திட்டட்டும்."

அந்தப் பக்கம் அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று வெராவுக்குப் புரியவில்லை.

"அப்பா இருந்திருந்தா உன்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பார்," என்றான்.

"துரத்தியிருப்பார்தான். அது கிடக்கட்டும், நீ எப்படா வீட்டுக்கு வர்றே?"