கவிழ்த்த கூடை

விடியுமுன்னே ஐஸ் உடைக்கிற சத்தம் தொடங்கிவிட்டது. காசிமேட்டு இறால் கொட்டகையில் முப்பது பெண்கள் குந்தி உட்கார்ந்து, தலை கிள்ளி, ஓடு உரித்து, அன்னக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் விரல் மரத்தது. ரமாபாய்க்கு வயிறு எரிந்தது.

எல்லாம் அந்தக் கண்ணாடியால். எதிர்வரிசை ஜெனியின் மகள் பெர்சிஸ் புதுக் கண்ணாடியோடு பள்ளிக்கூடம் போகிறாள். பள்ளிக்கு வந்த டாக்டர் அவளுக்கும் ரமாபாயின் மகள் அறிவுக்கும் ஒரே நாளில்தான் சீட்டு எழுதினார். புதன்கிழமை காலையில் பெற்றவர் யாராவது கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டி வரவேண்டும், கண்ணாடி இலவசம். இலவசம்தான். ஆனால் ஒரு நாள் வராதவளின் கூடையை முதலாளி ஞானதுரை சுவரோரம் கவிழ்த்துவிடுவார். கவிழ்ந்தால் அந்த மாதம் வேலை கிடையாது. அறிவுக்குத் தகப்பனும் இல்லை. சீட்டு ரமாபாயின் முந்தானை முடிச்சிலேயே நாலு புதனைத் தாண்டிவிட்டது. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி, அறிவு தினமும் திட்டு வாங்குகிறாள்.

ஜெனிக்கு மட்டும் எப்படி லீவு? முதலாளியும் அவளும் ஒரே கோயிலில் ஜெபிக்கிறவர்கள், அதுதான் சலுகை என்று ரமாபாய் தானாகவே முடிவு கட்டினாள். ஜெனியோடு பேச்சை நிறுத்தினாள். அந்தக் கண்ணாடி உடைந்து தொலையட்டும் என்றுகூட ஒருநாள் நினைத்தாள், பாவி மனசு.

இன்று ஞானதுரை உள்ளே வந்ததும் கேட்டே விட்டாள். “ஜெனிக்கு லீவு குடுத்தீங்களே, என் பொண்ணு கண்ணு மட்டும் கண்ணு இல்லியா?”

“நான் யாருக்கும்மா லீவு கொடுத்தேன்?”

பக்கத்திலிருந்த கெங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ரமாபாயின் காதில் சொன்னாள். அன்றைக்கு ஜெனி இருப்பதுபோல் காட்ட செருப்பைக் கூடையருகே விட்டுவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஏறியிருக்கிறாள். அவள் பங்கைக் கெங்கம்மாவும் இன்னும் மூணு பேரும் உரித்திருக்கிறார்கள்.

ஞானதுரை ஜெனியின் கூடையைத் தூக்கிக் கவிழ்த்தார். ஜெனி அழவில்லை. “என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுருந்தா இன்னாக்கா? உன் கூடையையும் ரொப்பியிருப்பேனே” என்றாள்.

அந்தச் செருப்பாலேயே அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. ரமாபாய் எழுந்தாள். உரித்ததை ஐஸ் தொட்டியில் கொட்டிவிட்டு, தன் கூடையை ஜெனியின் கூடைக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள்.

“மொதலாளி, புள்ளைய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்கு நாங்க திருட்டுத்தனமா ஓடணுமா? புதனுக்குப் புதன் ரெண்டு பேரு போவோம். அவங்க பங்க மத்தவங்க உரிப்போம். ஜெனி கூடைய நிமித்துங்க, நானும் நிமித்துறேன்.”

“வேலைக்கு வெளிய நூறு பேர் நிக்கிறாங்க, தெரியும்லா?”

“அவுங்களுக்கும் புள்ளைங்க கீதுங்க” என்றாள் கெங்கம்மா, தன் கூடையோடு எழுந்தபடி.

ஒவ்வொன்றாகக் கூடைகள் சுவரோரம் கவிழ்ந்தன. இறால் ஏற்ற வந்த லாரி வாசலில் ஹாரன் அடித்தது. ஐஸ் உருகி ஞானதுரையின் காலடியில் ஓட, அவர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். ரமாபாய் ஜெனியை ஒட்டி உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இறால் தண்ணீரில் ஊறிய சீட்டைப் பிரித்துக் கவிழ்ந்த கூடையின் மேல் காயவைத்தாள். நாளைக்குப் புதன்கிழமை.