மீரா சாகிபின் விக்கல்

மீரா சாகிபின் வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி ஜெகதாப்பட்டினத்துக்கு வந்தபோது ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், அந்த மனுசனுக்கு மிச்சமிருக்கிற ஒரு பங்கே நம் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கும் என்றார்கள். அவர் சாப்பாட்டில் அப்படிப் பேர் வாங்கியவர். கல்யாண வீடுகளில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். சகன் என்று அதற்குப் பெயர். மீரா சாகிபு உட்கார்ந்த சகனுக்கு யாரும் கேட்காமலே இரண்டாம் தடவை நெய்ச்சோறு வந்து விழும். அதனாலேயே அவரோடு உட்கார இளவட்டங்கள் முண்டியடிப்பார்கள்.

கருவாட்டு வியாபாரம். வெயிலில் அலைச்சல், வேளை கெட்ட சாப்பாடு, அதன் மேல் காரம். வருசக்கணக்காக வயிற்றுப்புண்ணைச் சோடா உப்புக் கரைத்துக் குடித்தே சமாளித்தவர், ஒருநாள் இரத்தமாக வாந்தி எடுத்த பிறகுதான் மதுரைக்குப் போனார். ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. ஊருக்குக் கிளம்பும் நாளில் டாக்டர் சொன்னார்: "இனிமே கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடணும். நல்லா மென்னு முழுங்கணும். சாப்பாட்டு நடுவுல தண்ணி வேண்டாம். வயிறு போதும்னு சொல்லும். சொன்ன ஒடனே நிறுத்திரணும்."

"எப்படிங்க சொல்லும்?"

டாக்டர் சிரித்தார். "அது ஆளுக்கு ஆள் வேற. ஒங்க வயிறு என்ன பாஷை பேசுதுன்னு நீங்கதான் கவனிச்சுக் கண்டுபிடிக்கணும்."

இந்தப் பதில் மீரா சாகிபுக்குப் பிடித்துப்போனது. ஐம்பது வயது வரைக்கும் அவர் வயிறு அவரிடம் ஒன்றும் பேசியதில்லை. இடுப்பில் கட்டுகிற அகலமான பச்சை வாரை ஓர் ஓட்டை தளர்த்தினால் பாதிச் சாப்பாடு ஆச்சு, இன்னும் ஓர் ஓட்டை தளர்த்தினால் எழுந்திருக்க வேண்டியது. அவருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். இப்போது வார் தொளதொளவென்று தொங்கியது. அதைக் கேட்டுப் பிரயோசனமில்லை.

மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார். கடற்கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த வீரய்யாவிடம், "போதும்னு ஒனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டார். வீரய்யா வெகுநேரம் யோசித்து, "சட்டி காலியாயிரும்ல" என்றான். பள்ளிக்கூட வாத்தியார் ஆத்மநாதன், "பெல் அடிச்சிருவாங்க பாய், அதனால யோசிக்க வேண்டி வந்ததில்ல" என்றார். உலகத்தில் ஒருத்தனுக்கும் தெரியாத விசயத்தைத் தன்னைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று மீரா சாகிபுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது.

வீட்டில் முதல் நாள் குழைந்த சோறும், குழம்புக்கு மீன் ஆணமும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விக்கல் வந்தது.

"யாரோ நெனைக்கிறாங்க. தண்ணியக் குடிங்க" என்றாள் மனைவி ஜன்னத் பீவி.

"டாக்டர் நடுவுல தண்ணி வேண்டாம்னாரே."

"அது சாப்பாட்டுக்குக் குடிக்கிற தண்ணி. இது விக்கலுக்குல்ல குடிக்கிறது."

நியாயமாகத்தான் பட்டது. அவர் குடிக்கக் குடிக்க, அவள் நினைக்கக்கூடியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கொழும்பில் இருக்கும் மச்சான், மீமிசல் பெரியம்மா, யாருக்கும் விக்கல் நிற்கவில்லை. "நம்ம நிஹாரு" என்றதும் நின்றுவிட்டது. சம்சுன் நிஹார் அவர்களுடைய ஒரே மகள், அறந்தாங்கியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பெற்ற அத்தாவை நினைத்துக்கொள்ள அவளைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? மீரா சாகிபு மனம் குளிர்ந்து, தட்டில் மிச்சமிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்செலும்புக்குக் கீழே கல்லை வைத்து அமுக்குவதுபோல் ஒரு வலி. வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடத்தது. வாயில் நுரையாக ஊறி, அத்தனையும் வெளியே வந்தது.

அன்றிலிருந்து இதுவே வாடிக்கையானது. மீனில் குற்றம் என்று மீனை நிறுத்தினார்கள். அரிசியில் குற்றம் என்று இடியாப்பத்துக்கு மாறினார்கள். புளி, மிளகாய், தேங்காய் எல்லாம் வரிசையாகத் தள்ளுபடி ஆயின. என்ன மாற்றினாலும் விக்கல் வரும், நிஹார் நினைப்பாள், தண்ணீர் குடிப்பார், மிச்சத்தைச் சாப்பிடுவார், கடைசியில் வாந்தி. வயிறு எந்த நேரத்தில் என்ன சொல்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். ஒரு சத்தமும் கேட்காது. வாரில் ஆணியை வைத்து உள்பக்கமாகப் புது ஓட்டைகள் போட வேண்டி வந்தது. தட்டைப் பார்த்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் சம்பந்தி கிபாயத்துல்லாவின் இளைய மகன் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. கூடவே ஆள் மூலமாக ஒரு சேதி: "எஞ் சகன்ல சம்மந்திதான் உக்காரணும்."

மீரா சாகிபு கலங்கிப்போனார். சகனில் ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்களும் மரியாதைக்குக் கையை எடுத்துவிடுவார்கள். போன மாதம் உள்ளூர்க் கல்யாணத்தில் அதுதான் நடந்தது. பாதியில் எழுந்து பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். கூட உட்கார்ந்த மூன்று பேரும் அரைவயிற்றோடு எழுந்தார்கள். அது சொந்த ஊர், போகட்டும். அறந்தாங்கியில் அப்படி நடந்தால் பேச்சு நிஹாரின் தலையில் விழும். போகாமல் இருந்தாலும் விழும். கிபாயத்துல்லா நல்ல மனிதர்தான், ஆனால் சாப்பாட்டு விசயத்தில் சட்டென்று மனம் கோணிவிடுவார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மாவுக்கு ஒத்தாசையாகச் சீர்ப் பலகாரம் சுட நிஹார் வந்தாள். அத்தாவைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. இடியாப்பத்தைத் தட்டில் வைத்து எதிரிலேயே உட்கார்ந்தாள். அவர் சாப்பிடச் சாப்பிட விக்கல் வந்தது.

அடுப்படியிலிருந்து ஜன்னத் பீவி பழக்கத்தில் குரல் கொடுத்தாள். "நிஹாருதான் நெனைக்கிறா. தண்ணியக் குடிங்க."

நிஹார் திரும்பிப் பார்த்தாள். "நான் இங்கிட்டுத்தானம்மா உக்காந்திருக்கேன்."

"எப்பவும் நீதான் நெனைப்பம்மா" என்றார் மீரா சாகிபு, கொஞ்சம் வெட்கத்தோடு. "நான் சோத்துல கைவச்சா நெனைச்சிருவ."

"சாப்பாட்டு நேரத்துலயா? அங்கிட்டு அம்புட்டுப் பேருக்கும் சோறு எடுத்து வைக்கவே நேரம் காணாதே, அத்தா. ஒங்க நெனப்பு வாரது எல்லாம் முடிஞ்சு பாத்திரம் கழுவுறப்பத்தான்."

"அந்நேரம் எனக்கு விக்கல் வரலையே."

ஜன்னத் பீவி தண்ணீர்ச் செம்போடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். மீரா சாகிபுக்கு மனம் வலித்தது, பொய் சொல்வானேன். வேளைக்கு வேளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்த மனுசனுக்கு அந்த விக்கல் ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது. ஆனால் வலியை முந்திக்கொண்டு கேள்வி வந்தது.

"அப்ப இப்ப நெனச்சது யாரு?"

நிஹார் தட்டைக் காட்டினாள். வைத்ததில் பாதி போயிருந்தது. "நேத்தும் இம்புட்டுச் சாப்பிட்டப்புறந்தான் வந்துச்சா?"

"கிட்டத்தட்ட இம்புட்டுத்தான்" என்றவர், சொல்லும்போதே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜன்னத் பீவி நீட்டிய செம்பை வேண்டாமென்று தள்ளினார். தட்டில் இருந்த மிச்சத்தையும் தொடவில்லை. கை காய்ந்துபோகும் வரை காத்திருந்தார். இன்னும் ஒரு விக்கல் வந்தது. பிறகு தானாகவே அடங்கிவிட்டது. நெஞ்சுக்குக் கீழே கல் வந்து உட்காரவில்லை. வேர்க்கவில்லை. வெயில் சாயும் வரை அவர் திண்ணையில் உட்கார்ந்து தன் வயிற்றையே தடவிக்கொண்டிருந்தார். சாப்பிட்டது உள்ளேயே இருந்தது. ராத்திரியும் அப்படியே, மறுநாளும் அப்படியே.

"இந்தப் பாவி வயிறு இத்தன நாளும் வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கு" என்றார். "நாமதான் தண்ணிய ஊத்தி வாய அடைச்சிருக்கோம்."

ஜன்னத் பீவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ஊத்தினது நாந்தானே."

"நீ மகள நெனச்சுக்கிட்டு ஊத்தின. அழுவாத புள்ள."

விக்கலின் பாஷை புரிந்துவிட்டது, சகனுக்கு என்ன வழி? அதை அவள்தான் சொன்னாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. "வாயத்தான நிறுத்தணும். கைய எதுக்கு எடுக்குறீங்க?"

அறந்தாங்கியில் பந்தல் நிறைய ஆட்கள். கிபாயத்துல்லாவும் அவருடைய மச்சான்கள் இருவரும் சகனைச் சுற்றி உட்கார்ந்து மீரா சாகிபுக்கு இடம் விட்டார்கள். நெய்ச்சோறு, கறி, தால்சா. பக்கத்தில் தொங்கிய திரைக்குப் பின்னால் பெண்களின் பந்தி. பிஸ்மி சொல்லிக் கைவைத்தார்கள். மீரா சாகிபு சின்னச் சின்னக் கவளமாக எடுத்து, பல்லில்லாதவரைப்போல நிதானமாக மென்றார். அந்த நெய்ச்சோறு அவருக்கு அவ்வளவு ருசித்தது. முன்பெல்லாம் ருசி தெரியும் முன்பே உள்ளே போய்விடும்.

விக்கல் வந்தது. பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"சம்மந்திக்குத் தண்ணி" என்றார் கிபாயத்துல்லா. டம்ளரைத் தன் கையாலேயே வாங்கி நீட்டினார். "யாரோ நெனைக்கிறாங்க. குடிங்க."

மச்சான்கள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் கையால் கொடுக்கும் தண்ணீரை எப்படித் தள்ளுவது? ஒரு வாய் குடித்தால் விக்கல் அடங்கும், சம்பந்தி முகம் மலரும், அப்புறம் பந்தலுக்குப் பின்னால் ஓட வேண்டியதுதான். திரைக்கு அந்தப் பக்கம் நிஹாரும் இருக்கிறாள்.

மீரா சாகிபு டம்ளரை வாங்கினார். வாங்கித் தன் பக்கத்தில் தரையில் வைத்தார்.

"எம்மகதான் நெனைக்கிறா, சம்மந்தி. தண்ணி குடிக்கச் சொல்லல அவ. போதும்ங்கிறா."

சொல்லிவிட்டு, வலது கையைச் சகனை விட்டு எடுக்காமல், பெரிய கறித்துண்டாகப் பார்த்துப் பிய்த்துக் கிபாயத்துல்லாவின் பக்கம் தள்ளினார். அடுத்ததை மச்சான்கள் பக்கம். சோற்றைக் கிளறி, தால்சாவில் கிடந்த எலும்பைத் தேடி எடுத்து மறுபடியும் சம்பந்திக்கு. கை ஓயவில்லை, வாய்க்கு மட்டும் போகவில்லை. கிபாயத்துல்லாவுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் எதிரே கறி குவியக் குவியச் சந்தோசமாகச் சாப்பிட்டார். வழக்கப்படி சகனுக்கு இரண்டாம் தடவை சோறு வந்து விழுந்தது. "நம்ம சம்மந்தி இன்னும் அதே ஆளுதான்" என்று மச்சான்களிடம் சொன்னார். நாலு பேரும் ஒன்றாகத்தான் கையை எடுத்தார்கள்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்த நிஹார், அம்மா ஏறும் வரை காத்திருந்து அத்தாவின் பக்கம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒங்க விக்கல் கேட்டுச்சு, அத்தா. அந்நேரம் நான் நெசமாவே ஒங்களத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். போதும்னு நிறுத்திரணுமேன்னு."

மீரா சாகிபு அவள் தலையில் கைவைத்தார். "அதான் சரியா வந்துச்சு" என்றார்.