அப்பாவின் நிறம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. அக்கா ஆறு நாள் அத்தானோடு பேசாமல் இருந்தாள், அதிலிருந்து கிடைத்தது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னை அழுமூஞ்சியாக் காட்டாதே" என்றாள்.

முதல் தொடக்கம்: 'புதுக் கணினியின் திரை ஒரு விடியலைப் போல்...' (அடித்துவிட்டேன். அக்கா படித்தால் ஒரு மாதம் கிண்டல் செய்வாள்.)

2

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு போட்டோ கடை. கறை பிடித்த, வெளுத்துப்போன பழைய படங்களைச் சரிசெய்வதில் கெட்டிக்காரி. படம் திருத்தும் மென்பொருளுக்குள் அவள் ஒரு பிளக்-இன் போட்டு வைத்திருந்தாள். மங்கிய முகங்களுக்கு அவற்றின் பழைய நிறத்தை மீட்டுத் தரும் குட்டி நிரல் அது. பல வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் தனியாளாக எழுதியது.

அவளுடைய பிறந்தநாளுக்கு அத்தான் சத்தமில்லாமல் பழைய கணினியைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி மேசையில் வைத்தார். கோப்புகளையெல்லாம் பத்திரமாக மாற்றியிருந்தார். பிளக்-இன்னும் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் மென்பொருளைத் திறந்தால் மெனுவில் அதன் பெயரே இல்லை. புதுக் கணினியின் பிராசஸர் வேறு வகை. பழைய வகைக்கு எழுதியதை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

(இங்கே அத்தானை வில்லனாக்க இரண்டு தடவை முயன்றேன். பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் தானே வெட்டி ஒட்டிய மனிதர். தேறவில்லை.)

3

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய அம்மாவுக்குக் கண் கட்டுப் பிரிக்கிறார்கள். மறைந்த அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்ட வேண்டுமாம்.

"எங்கப்பா நல்ல கறுப்புங்க. படம் பழசாகி செவப்பாயிட்டாரு. இப்படியே காட்டினா அம்மா யாருன்னு கேப்பாங்க."

அக்கா புது மென்பொருளின் தானியங்கி வசதியை ஓட்டிப் பார்த்தாள். அது அப்பாவை வெளுப்பாக்கி, கன்னத்தை வழவழப்பாக்கி, சோப்பு விளம்பரத்துக்கு வந்தவர்போல் ஆக்கியது. கையால் திருத்தினாள், முகத்தில் சாம்பல் பூத்தது. அன்றைக்குத்தான் அவள் அத்தானோடு பேச்சை நிறுத்தினாள்.

4

அத்தான் கணினி வாங்கிய கடைக்கு ஓடினார். பழைய கணினியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். திரும்பி வந்து, பிளக்-இன்னோடு இருந்த உதவிக் குறிப்பில் அதை எழுதியவரின் மின்னஞ்சலைக் கண்டுபிடித்து எழுதினார். மறுநாள் பதில் வந்தது. தான் ஓய்வுபெற்று வெகுநாளாகிறது, இன்னும் ஒருவர் பயன்படுத்துவதே ஆச்சரியம் என்று தொடங்கி, அவர் வழி சொல்லியிருந்தார்: மென்பொருளை மூடுங்கள். அதன் விவரப் பெட்டியில், பழைய பிராசஸருக்கு உரிய முறையில் திறக்க ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுத் திறங்கள். கொஞ்சம் மெதுவாக ஓடும். இந்த வசதியை எத்தனை நாள் விட்டுவைப்பார்களோ தெரியாது.

நேரில் சொல்லப் பயந்து, அதை அச்செடுத்துக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு அத்தான் நழுவிவிட்டார்.

அக்கா டிக் போட்டாள். மென்பொருள் சோம்பல் முறித்துக்கொண்டு திறந்தது. மெனுவின் கடைசியில் பிளக்-இன் இருந்தது. அழுத்தினாள். நெற்றியில் தொடங்கி, கறுப்பாக, ஒரு மனிதர் மெல்ல வந்தார். அக்காவின் கண்களில் நீர்

(நிறுத்திக்கொள்கிறேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

5

வெள்ளிக்கிழமை மாலை ஓட்டுநர் அம்மாவைக் கடைக்கே அழைத்து வந்தார். அந்த அம்மாள் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இவருதான். போட்டோ எடுக்கறவனைப் பாத்தா இப்படித்தான் முறைப்பாரு."

அன்று இரவு சாப்பாட்டின்போது அக்காவும் அத்தானும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனத்தை உடைத்தது யார் என்பதுதான் என் கதையின் முடிவாக இருக்க வேண்டும். அக்காவைக் கேட்டேன்: "அவர்தான் வந்து பேசினார்." அத்தானைக் கேட்டேன்: "உங்கக்காதான்." ஒருவர் சொன்னதை எழுதினால் மற்றவரிடம் மாட்டிக்கொள்வேன், இருவரும் இருப்பதோ ஒரே வீட்டில். எனக்கு அங்கே போய்ச் சாப்பிட வேண்டியிருக்கிறது. ஆகவே இடம் விடுகிறேன். பேனா உங்களிடம் இருக்கும்.

முதலில் பேசியவர்: ....................